செகண்ட் ஹேண்ட் காருக்கு வயது எத்தனை?

ஆட்டோமொபைல் பிரிவில் சேர்ந்து ஒரு வருடம்கூட முடிந்திருக்காது. அதற்குள் தெருவில் யாராவது ஒருவர் நம்மைக் கூப்பிட்டுவிடுவார். "தம்பி, நீ வண்டி சம்பந்தமாத்தானே படிக்கிறே? ஒரு மாருதி விலைக்கு வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை கூட வந்து பார்த்துச் சொல்லேன்!" அப்போது நமக்குத் தெரிந்ததெல்லாம் முதலாம் ஆண்டுக் கணக்கும் இயற்பியலும்தான். கூப்பிடுகிறவருக்கு அது தெரியுமா? பாலிடெக்னிக் பையன் என்றால் கையில் ஸ்பேனரோடு பிறந்தவன் என்று நினைப்பு!

இதைச் சிரித்துவிட்டு விட்டுவிட முடியாது நண்பர்களே. அப்படிக் கூப்பிடுகிறவர் யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டேங்க் மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி என்று பைக்கிலேயே குடும்பம் நடத்தியவர். ஏலச்சீட்டு எடுத்தோ, வளையலை அடகு வைத்தோ ஒன்றரை லட்சம் புரட்டியிருப்பார். ஷோரூம் வாசலை அவர் மிதிக்க முடியாது. அவருக்குக் கார் என்றாலே அது பழைய கார்தான். "வாங்கலாம் அங்கிள்" என்று நாம் சொல்லும் அந்த ஒரு வார்த்தையின் மேல் அவர் பணம் மொத்தமும் நிற்கிறது.

எனவே பழைய காரைப் பற்றி நம்மிடம் தெளிவான ஒரு கருத்து இருந்தாக வேண்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு காரின் வயதை ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதன் ஆயில், கூலன்ட், கிளட்ச், இவற்றோடு அதை ஓட்டியவரின் இடது கால், இவைதான் வயதைச் சொல்லும். "பதினஞ்சு வருஷம் ஆச்சா, எடைக்குப் போடு" என்பவரும், "மாருதிதானே, கண்ணை மூடிட்டு வாங்கலாம்" என்பவரும் வண்டியைப் பார்க்காமலே பேசுகிறவர்கள்.

மாருதி என்று சொன்னேன். நம் ஊரில் பழைய சின்னக் கார் என்றால் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரை 25 லட்சத்துக்கும் மேல் தயாரானது. 2000-த்தில் வந்த ஆல்ட்டோ அதன் தம்பி மாதிரி. அதே 796 சி.சி., அதே மூன்று சிலிண்டர். பானெட்டைத் திறந்தால் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். கேபிளில் இழுக்கிற கிளட்ச். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். எந்தக் கிராமத்து முச்சந்தியிலும் இதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒருவர் இருப்பார். உதிரி பாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. புதிதாகவே கிடைக்கும், கிடைக்காத கதவும் கண்ணாடியும் சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்கும். பழைய கார் வாங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய உத்தரவாதம் வேறு என்ன வேண்டும்?

சரி, அந்தப் பதினைந்து வருடக் கணக்கு எங்கிருந்து வந்தது? தனியார் காருக்கு முதல் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். அதற்குப் பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டி, ஓட்டத் தகுதி உள்ளது என்று சான்று வாங்கி, ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். டெல்லி வட்டாரத்தில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டி ஓடக்கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கேட்டு இங்கேயும் பலர் அரண்டுபோய்க் கிடக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு அந்த உத்தரவு இல்லை. ஆனால் கட்டணம் ஏறியிருக்கிறது. புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 என்று ஆக்கிவிட்டார்கள்.

இதில்தான் எனக்கு வருத்தம். எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் 2005 மாடல் ஆல்ட்டோ இருக்கிறது. டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு. எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில் என்ன ஆயில் மாற்றினார் என்று கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் மார்க்கெட், மாதத்தில் ஒரு நாள் மகள் வீடு, அவ்வளவுதான் ஓட்டம். அதே தெருவில் நிற்கும் ஒரு வாடகைக் காருக்கு ஆறே வயது. ஓடியது மூன்று லட்சம் கிலோமீட்டர். எது கிழடு? கட்டணம் போடுகிறவர்களின் கணக்கில் ஆசிரியர் கார்தான் கிழடு! வண்டியைச் சோதித்து, புகையை அளந்து, பிரேக்கை அளந்து, தேறாததை ஓரம் கட்டட்டும். அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். தேறிய வண்டிக்கும் வயதுக்காக அபராதம் போடுவது என்ன நியாயம்?

இனி, வாங்கப் போகும்போது என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். முதல் வேலை, பானெட்டைத் தொட்டுப் பார்ப்பது. சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "அண்ணே, ஆறட்டும், டீ குடிச்சிட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். குளிர்ந்த என்ஜின் பொய் சொல்லாது. ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. நிற்காமல் வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது. ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் பால் காபி நிறத்தில் பிசுபிசு என்று இருந்தால், தண்ணீரும் ஆயிலும் கலந்திருக்கிறது. அந்த இடத்திலேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

மீட்டரில் 48,000 கி.மீ. என்று காட்டும். அதை நம்பாதீர்கள், பெடல் ரப்பரை நம்புங்கள். கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, கியர் குமிழில் எண்கள் அழிந்து, ஓட்டுநர் சீட் ஒரு பக்கம் அமுங்கிப் போயிருந்தால் அது 48,000 ஓடிய வண்டி இல்லை. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் வருடம் 23-ஆவது வாரம் தயாரான டயர். பட்டன் ஆழமாக இருந்தாலும் ஏழெட்டு வருட ரப்பர் கெட்டிப்பட்டுப் போயிருக்கும். விலை பேசும்போது நாலு டயர் காசைக் கழிக்கச் சொல்ல இது போதும்.

நம் ஊரில் இன்னொரு அபாயமும் உண்டு. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி சென்னை. அதே மாதம் திருநெல்வேலி, தூத்துக்குடி. அந்தத் தண்ணீரில் நின்ற கார்கள் எல்லாம் எங்கே போயின? கழுவி, பாலிஷ் போட்டு, வேறு மாவட்டத்துக்கு வந்து நிற்கிற வண்டிகளும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். யாரும் கழுவாத அந்தக் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கோடு இருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டில் துரு, மிதியடிக்குக் கீழே ஈர வாடை, ஃப்யூஸ் பெட்டியில் பச்சை பூத்த முனைகள். இவற்றில் ஒன்று இருந்தாலும் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

காகித விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். வங்கிக் கடன் இருந்தால் ஃபாரம் 35-ம், வங்கியின் தடையில்லாச் சான்றும் வேண்டும். ஃபாரம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமல் மாதக் கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. விற்கிறவருக்கும் இதில் ஆபத்து. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இப்போது எனக்குப் பிடித்த விஷயம், கியர் பாக்ஸ். 2014-ல் மாருதி செலேரியோ கிளட்ச் பெடல் இல்லாமல் வந்ததிலிருந்து ஏ.எம்.டி. மோகம் பிடித்துக்கொண்டது. "இனிமே யாருப்பா கியர் போட்டு ஓட்டுவாங்க?" என்று கேட்கிறார்கள். ஏ.எம்.டி. என்பது என்ன? உள்ளே இருப்பது அதே கிளட்ச் பிளேட், அதே பல்சக்கரம், அதே சிங்க்ரோனைசர். நம் காலும் கையும் செய்த வேலையை ஹைட்ராலிக்கும் ஒரு கம்ப்யூட்டரும் செய்கின்றன. புது வண்டியில் சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பத்து வருடம் கழித்து அந்த ஆக்சுவேட்டர் படுத்துக்கொண்டால்? தெருமுனை மெக்கானிக் கையை விரித்துவிடுவார். சாதாரண மேனுவலில் கேபிள் அறுந்தால் அரை மணி நேர வேலை. பழைய கார் வாங்கப் போகிறவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது மேனுவல்தான்.

கிளட்சைச் சோதிக்க ஒரு சுலப வழி உண்டு. மேட்டில் டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். என்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறாமல் இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது. பெடலை அமுக்கும்போது மட்டும் கிர்ரென்று சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது பல் உரசினால் இரண்டாவது கியர் சிங்க்ரோனைசர் போய்க்கொண்டிருக்கிறது. இதில் முதல் இரண்டுக்குப் பயப்பட வேண்டாம். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றிவிடலாம், விலையில் கழித்துக்கொள்ளலாம். கியர் பாக்ஸை இறக்கும்போதே பின்பக்க கிராங்க் ஆயில் சீலையும் மாற்றச் சொல்லுங்கள். சின்னச் சீல்தான், அதை விட்டுவிட்டு, ஆறு மாதத்தில் அது ஒழுக ஆரம்பித்தால் மறுபடி முழுக் கூலி.

கிளட்ச் சீக்கிரம் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஓட்டுகிற பழக்கம்தான். டிரைவிங் ஸ்கூலில் "ஹாஃப் கிளட்ச், ஹாஃப் கிளட்ச்" என்று சொல்லிச் சொல்லியே கற்றுக்கொடுக்கிறார்கள். வண்டியை நகர்த்தத்தான் அது. மேம்பாலத்து ஏற்றத்தில் ஐந்து நிமிடம் வண்டியை ஹாஃப் கிளட்ச்சிலேயே நிறுத்தி வைத்தால் பிளேட் தீய்ந்துபோகாதா? ஹேண்ட் பிரேக் எதற்கு இருக்கிறது? சிக்னலில் நியூட்ரலுக்கு வராமல் கிளட்ச்சை மிதித்துக்கொண்டே நிற்பவர்கள், ஓடும்போது காலைப் பெடல் மேலேயே வைத்துக்கொண்டு வருபவர்கள், இவர்கள் எல்லாம் ரிலீஸ் பேரிங்கின் ஜென்ம விரோதிகள். இன்னொரு கூட்டம், இடது கையை கியர் ராட் மேலேயே ஊன்றிக்கொண்டு வருவார்கள். ஸ்டைலாம்! அந்தக் கையின் கனம் உள்ளே செலக்டர் ஃபோர்க் வழியாகச் சுழலும் ஸ்லீவ் மேல் உரசிக்கொண்டே இருக்கிறது. நம் ஒர்க் ஷாப்பில் உள்ள வெட்டு மாதிரி கியர் பாக்ஸில் ராடை லேசாகத் தள்ளிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

கியர் ஆயிலைப் பற்றி ஒன்று. கடையில் "ஜி.எல்.5 போடுங்க தம்பி, அதுதான் லேட்டஸ்ட்" என்பார்கள். நம்பர் பெரிதாக இருந்தால் நல்லது என்று இருக்க இது பரீட்சை மார்க்கா? ஜி.எல்.5-ல் அதிக அழுத்தத்தைத் தாங்க கந்தகம், பாஸ்பரஸ் சேர்மங்கள் அதிகம். சிங்க்ரோனைசர் வளையம் பித்தளை வகை உலோகம். அதை அவை அரிக்கக்கூடும். கையேட்டில் 75டபிள்யூ-90, ஜி.எல்.4 என்று போட்டிருந்தால் அதையே ஊற்ற வேண்டும்.

பராமரிப்பில் என்னை மிகவும் கோபப்படுத்துவது தெர்மோஸ்டாட் வால்வ் விவகாரம். வண்டி ஒரு முறை சூடானால் போதும், "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். பாடத்தில் என்ன படித்தோம்? என்ஜின் சீக்கிரம் வேலை செய்யும் வெப்பத்துக்கு வர வேண்டும், அந்த வெப்பத்திலேயே நிற்க வேண்டும். வால்வ் இல்லாவிட்டால் அது வெதுவெதுப்பாகவே ஓடும். என்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக விடும். மைலேஜ் குறையும், சிலிண்டர் தேயும். அதற்கு மேல் ரேடியேட்டரில் போர்த் தண்ணீரை ஊற்றுவார்கள். நம் ஊர் உப்புத் தண்ணீர் பாத்திரத்தையே வெள்ளைப் படலமாக்கிவிடும். ரேடியேட்டரின் மெல்லிய குழாயை விட்டுவைக்குமா? அடைப்பு, மறுபடி சூடு, ஹெட் கேஸ்கட். சில நூறு ரூபாய் கூலன்டை மிச்சம் பிடித்ததன் விலை அது.

பிரேக் ஆயில் இன்னொரு அநாதை. கறுத்துப் போயிருந்தாலும் "அளவு சரியா இருக்கே" என்று மூடிவிடுவார்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் உள்ளே திரவம் கொதித்து ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். இறக்கத்தில் இரண்டாவது கியரில் போட்டு என்ஜினையே பிரேக்காகப் பயன்படுத்துங்கள். மேனுவல் வண்டியின் பெரிய வசதியே இதுதான்.

டைமிங் பெல்ட்டை ஒரு லட்சம் கிலோமீட்டர் வரை விடலாம் என்பது பொதுக் கணக்கு. ஆனால் ரப்பருக்கு வருடமும் ஒரு கணக்கு. குறைவாக ஓடிய பழைய வண்டி வாங்கினால், எப்போது மாற்றியது என்று தெரியாத பெல்ட்டை முதல் வாரமே மாற்றிவிட வேண்டும். புதிதாக ஒரு தலைவலியும் சேர்ந்திருக்கிறது. 2025-க்குள் நாடு முழுவதும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. பழைய கார்களின் ரப்பர் குழாய்கள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனாலில் லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான், எனவே மைலேஜும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஃப்யூயல் குழாய் உப்பியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று சர்வீஸின்போது விரலால் அமுக்கிப் பாருங்கள். இந்தப் பெட்ரோலை வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் வண்டியை ஓட்டாமல் போட்டு வைக்காதீர்கள்.

இவ்வளவு பரிந்து பேசிவிட்டு ஒன்றை மறைத்தால் அது நேர்மையாகாது. பாதுகாப்பில் இந்தப் பழைய சின்னக் கார்கள் பின்தங்கியவைதான். 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு ஏர்பேக் இல்லாத ஆல்ட்டோ 800-ஐ மோதிச் சோதித்தபோது கிடைத்தது பூஜ்ய நட்சத்திரம். புதுக் கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019-ல். முன்னால் இரண்டு ஏர்பேக் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2022 தொடக்கத்தில். அதற்கு முந்தைய ஆல்ட்டோவில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நான்கு வழிச் சாலையில் 100-ல் பறக்கிறவருக்கு எந்தப் பராமரிப்பும் துணைக்கு வராது. உள்ளூர் ஓட்டம், 60, மிஞ்சிப் போனால் 70, பின் சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும். இதை வாங்குகிறவரிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். "எனக்கு வாரா வாரம் சென்னை போகணும் தம்பி" என்று அவர் சொன்னால், இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து 2022-க்குப் பிந்தைய வண்டியாகப் பார்க்கச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, நம் பேரவைக்கு ஒரு கோரிக்கை. ரத்த தான முகாம் நடத்துகிறோம், மரம் நடுகிறோம். அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களுக்கு இலவசப் பரிசோதனை முகாம் ஒன்று நடத்தினால் என்ன? கூலன்ட், பிரேக் ஆயில், டயர் தேதி, பெல்ட், ஃப்யூயல் குழாய், கிளட்ச் பெடல் இடைவெளி. ஒரு வண்டிக்கு இருபது நிமிடம். எதையும் கழற்ற வேண்டாம், எதையும் விற்க வேண்டாம். பார்த்ததை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, ஓனர் கையில் கொடுத்தால் போதும். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் பார்க்கட்டும், முதலாம் ஆண்டு மாணவர்கள் எழுதட்டும். ஜாக்கியும் ஸ்டாண்டும் நம் ஒர்க் ஷாப்பிலேயே இருக்கின்றன. ஹெச்.ஓ.டி. சாரிடம் அனுமதி கேட்பதுதான் பாக்கி. அதற்கு நான் முதல் ஆளாக வருகிறேன்.